வீட்டுக்கு நடந்த சிறுவனும் அவனைப் பாடிய மனிதரும்



ஒக்டோபர் மாதம் எமது நாட்டில் பிள்ளைகளோடும் பள்ளிக்கூடத்தோடும்தான் தொடங்குகிறது. 1ஆம் திகதி சிறுவர் தினம். 6ஆம் திகதி ஆசிரியர் தினம். கேக் வெட்டுவோம், பரிசு கொடுப்போம், மேடையில் நாலு பேர் பேசுவோம், அத்தோடு முடிந்துவிடும்.

கனடாவிலும் ஒக்டோபரில் இப்படி ஒரு வாரம் இருக்கிறது. 17ஆம் திகதி தொடங்கி 22ஆம் திகதி முடியும். 17 ஒரு பாடகர் இறந்த நாள். 22 ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறந்த நாள். அந்தப் பிள்ளை இறக்கும்போது பாடகருக்கு வயது 2. இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. ஆனாலும் அந்த நாட்டு வகுப்பறைகளில் இன்று இருவருடைய பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

அந்தப் பாடகரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். "சேர், உங்களுக்கு எதுக்குப் பாட்டுக்காரன்ட கதை?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். தயவுசெய்து கொமன்டில் அதைத் தொடங்க வேண்டாம். இது கடைசியில் பிள்ளைகளைப் பற்றிய கதை. ஆகவே பெற்றோரும் ஆசிரியர்களும் ஹஸ்ரத்மார்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் கோர்ட் டௌனி. 1964 பெப்ரவரி 6ஆம் திகதி, ஒன்ராறியோ மாகாணத்தில் கிங்ஸ்டன் நகருக்குப் பக்கத்தில் அம்ஹர்ஸ்ட்வியூ என்ற சிற்றூரில் பிறந்தவர். கிங்ஸ்டன் ஏரிக்கரையில் உள்ள பழைய நகரம். அங்கே பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பல சிறைச்சாலைகளும் இருக்கின்றன. 1984இல் அந்த நகரத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து 'த ட்ராஜிக்கலி ஹிப்' என்று ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். றொப் பேக்கர், கோர்ட் சின்க்ளயர், ஜொனி ஃபே, இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்த போல் லாங்லுவா. டௌனி பாடினார். பாட்டின் வரிகளையும் அவரே எழுதினார். 1986இலிருந்து அவர் மௌத்தாகும் வரைக்கும், 30 வருடத்துக்கு மேல், அந்த ஐந்து பேரும் பிரியவே இல்லை. எமது ஊரில் ஒரு விளையாட்டுக் கழகம் மூன்று வருடம் பிளவுபடாமல் இருந்தாலே நாம் ஆச்சரியப்படுகிறோம்!

கனடாவில் அவர்களுக்கு இருந்த மதிப்புக்கு அளவில்லை. இசைத்தட்டு வெளிவந்தால் முதலிடம், மைதானம் நிறையக் கூட்டம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்காவில் அவர்கள் பெரிதாக எடுபடவில்லை. 1995 மார்ச்சில் 'சட்டர்டே நைட் லைவ்' என்ற பிரபல அமெரிக்க நிகழ்ச்சியில் பாடினார்கள். அதற்குப் பிறகும் அங்கே கதவு முழுதாகத் திறக்கவில்லை. கனடாவில் பிறந்த எத்தனையோ பாடகர்கள் அமெரிக்காவில் பெயர் எடுத்த பிறகுதான் சொந்த நாட்டிலேயே பெரியவர்களானார்கள். இவர்கள் அப்படி அல்ல. ஒரு நாட்டின் சந்தையோடு திருப்தியாக வாழ்ந்து முடித்தார்கள்.

அதற்குக் காரணம் டௌனி எழுதிய விஷயங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. வெளியாருக்கு விளங்காத உள்ளூர்க் கதைகளை அவர் பாட்டாக்கினார். இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

பில் பரில்கோ என்று ஓர் ஐஸ் ஹொக்கி வீரர். 1951 ஏப்ரலில் ரொறொன்ரோ அணிக்குக் கிண்ணத்தை வென்று கொடுத்த கோலை அடித்தவர். அதே வருடம் ஓகஸ்ட் மாதம் மீன்பிடிக்கச் சின்ன விமானத்தில் போனவர் திரும்பி வரவில்லை. 11 வருடம் கழித்து, 1962இல்தான் விமானமும் உடலும் கிடைத்தன. அந்த 11 வருடமும் அந்த அணி ஒரு தடவை கூடக் கிண்ணம் வெல்லவில்லை. அடுத்த கிண்ணத்தை வென்றதும் அதே 1962இல்தான். ஊர் மறந்துபோன இந்த மனிதரை டௌனி ஒரு பாட்டில் எழுப்பினார். இன்று கனடாவில் ஹொக்கி பார்க்காதவருக்கும் பரில்கோவைத் தெரியும்.

இன்னொருவர் டேவிட் மில்கார்ட். 1969இல் நடந்த ஒரு கொலைக்காக, செய்யாத குற்றத்துக்கு, 17 வயதில் ஆயுள் தண்டனை பெற்றவர். மகன் நிரபராதி என்று அவருடைய தாய் ஜொய்ஸ் வருடக்கணக்காகப் போராடினார். 23 வருடம் கழித்து 1992இல் விடுதலை. 1997இல் மரபணுப் பரிசோதனை அவர் நிரபராதி என்பதை உறுதிப்படுத்தியது. அவரை நினைத்து எழுதிய 'வீற் கிங்ஸ்' என்ற பாட்டும் பரில்கோவின் பாட்டும் 1992இல் வந்த ஒரே இசைத்தொகுப்பில் இருக்கின்றன.

காணாமல் போனவர், அநியாயமாக அடைக்கப்பட்டவர். இப்படியான ஆட்களைத் தேடித் தேடிப் பாடியவர் டௌனி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2015 டிசம்பரில் அவருக்கு வலிப்பு வந்தது. பரிசோதித்தபோது மூளையில் புற்றுநோய். குணப்படுத்த முடியாத வகை. நான்கு பிள்ளைகளின் தந்தை, வயது 51. 2016 மே 24ஆம் திகதி அந்தச் செய்தி நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவிப்போடு இன்னொன்றும் வந்தது: இசைக்குழு அந்தக் கோடையில் மறுபடி ஊர் ஊராகப் போகப்போகிறது.

நோய் அவருடைய ஞாபகத்தைத் தின்றுகொண்டிருந்தது. தானே எழுதி, வருடக்கணக்காகத் தானே பாடிய வரிகள் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. மேடையில் அவர் பார்த்துப் பாடத் திரைகள் வைத்தார்கள். ஜூலை 22ஆம் திகதி மேற்குக் கரையில் விக்டோரியா நகரில் தொடங்கி, ஓகஸ்ட் 20ஆம் திகதி சொந்த ஊரான கிங்ஸ்டனில் முடித்தார்கள். மொத்தம் 15 நிகழ்ச்சிகள்.

அந்தக் கடைசி இரவை அரச தொலைக்காட்சியான சிபிசி விளம்பரமே இல்லாமல் நேரடியாக ஒளிபரப்பியது. 1 கோடி 17 இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. அந்த நாட்டின் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. அரங்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் திரையின் முன்னால் நின்றார்கள். பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும் கூட்டத்தில் ஒருவராக வந்திருந்தார்.

சாகப்போகும் மனிதர் ஒருவருக்கு ஒரு நாடே காது கொடுத்துக் கேட்கிறது. என்ன பேசுவார்? தன்னைப் பற்றிப் பேசலாம். நோயைப் பற்றிப் பேசலாம். நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

டௌனி பிரதமரைச் சுட்டிக்காட்டிப் பேசினார். வடக்கே வாழும் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேசினார். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்கத்தான் தெற்கில் உள்ளவர்கள் வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்டிருக்கிறார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற கருத்தில் சொன்னார். ஆட்டம் பாட்டத்துக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். அந்த இரவின் வாழ்த்து முழுவதையும் தன்னிடமிருந்து எடுத்து வேறு ஆட்களிடம் திருப்பிவிட்டார்.

அடுத்த இரண்டு மாதத்தில் அவருடைய இன்னொரு வேலை வெளியே வந்தது. பெயர் 'சீக்ரெட் பாத்'. இரகசியப் பாதை. பத்துப் பாட்டு, அவற்றோடு ஜெஃப் லெமயர் வரைந்த ஒரு சித்திரக் கதைப் புத்தகம். நோய் வந்த பிறகு ஞானம் வந்து எழுதியது என்று நினைக்க வேண்டாம். நோய் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்பே, 2013இல் பதிவுசெய்தவை அந்தப் பாட்டுகள். அவருடைய சகோதரர் மைக் சொன்ன ஒரு பழைய செய்திதான் தொடக்கம். 1967இல் 'மக்லீன்ஸ்' சஞ்சிகையில் இயன் அடம்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதியது. அந்தச் செய்திக்குள் இருந்தவன்தான் அந்தப் பிள்ளை.

சானி வென்ஜக். வயது 12. ஒஜிப்வே இனத்தவன். ஊர் ஒன்ராறியோவின் வடக்கே ஒகோகி போஸ்ட். 9 வயதில் அவனை வீட்டிலிருந்து கொண்டுபோய், ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தூரத்தில் கெனோரா நகரில் இருந்த ஒரு விடுதிப் பாடசாலையில் சேர்த்தார்கள். அரசாங்கத்தின் காசு, கிறிஸ்தவ சபையின் நிர்வாகம்.

1966 ஒக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. சானி இரண்டு நண்பர்களோடு பாடசாலையை விட்டு வெளியே நடந்தான். அந்த இருவரும் சகோதரர்கள். அவர்களுக்குப் போய்ச்சேர மாமா வீடு ஒன்று இருந்தது. சானியும் அங்கே சில நாள் இருந்தான். பிறகு தனியாகத் தன் வாப்பாவைத் தேடிப் புறப்பட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி ரயில் தண்டவாளம். வீடு எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. உடலில் ஒரு மெல்லிய மேற்சட்டை. கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல், அதற்குள் சில தீக்குச்சிகள். உறைபனியும் மழையுமாக இருந்த காலநிலை. 23ஆம் திகதி, தண்டவாளத்தின் ஓரத்தில் அவனுடைய ஜனாஸாவைக் கண்டார்கள். குளிரிலும் பசியிலும் இறந்திருந்தான்.

விசாரணை நடந்தது. நீதிமன்றத்தில் உட்கார்ந்த சாதாரண ஊர்மக்களான யூரிகளே அப்போது ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் இந்தக் கல்வி முறை சரிதானா? கேள்வி காகிதத்தில் இருந்தது. பாடசாலைகள் தொடர்ந்து நடந்தன. கடைசிப் பாடசாலை மூடப்படும்போது 1990களின் நடுப்பகுதி தாண்டிவிட்டது.

அந்தப் பாடசாலைகளில் மொத்தம் ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் படித்தார்கள். படித்தார்கள் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. தாய்மொழியில் பேசினால் அடி. தலைமயிரை வெட்டுவார்கள். பெயரை மாற்றுவார்கள், சில இடங்களில் இலக்கம் கொடுத்து அழைப்பார்கள். 4,000க்கும் அதிகமான பிள்ளைகளின் மரணம் இதுவரை பதிவுகளில் உறுதியாகியிருக்கிறது. 2008இல் கனடிய அரசாங்கம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் அறிக்கை தந்து 94 பரிந்துரைகளைச் சொன்னது. அறிக்கைகள் எழுதப்பட்டு எங்கே போய்ச் சேர்கின்றன என்பது எமது நாட்டவருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சானியின் கதையில் ஆசிரியர்களான எம்மைக் குத்துகின்ற இடம் ஒன்று இருக்கிறது. அவன் பெயர் சானி. பாடசாலையில் அவனை 'சார்லி' என்று கூப்பிட்டார்கள். அவன் இறந்த பிறகு வந்த சஞ்சிகைக் கட்டுரையின் தலைப்பிலும் 'சார்லி' என்றே இருந்தது. மூன்று வருடம் ஒரு பிள்ளையை வைத்திருந்தவர்களுக்கு அவனுடைய உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை.

2016 ஒக்டோபரில் டௌனி ஒரு தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தார். கேட்பவர் பீற்றர் மான்ஸ்பிரிட்ஜ், நாட்டுக்கே தெரிந்த செய்தியாளர். அவருடைய பெயர் மறந்துவிடும் என்று டௌனி தன் கையில் 'பீற்றர்' என்று எழுதி வைத்திருந்தார். அதை ஒளிக்காமல் சொல்லியும் விட்டார். தனக்கு முன்னால் இருப்பவரின் பெயரே நிற்காத நிலையில் இருந்த மனிதர், 50 வருடமாகப் பிழையாக அழைக்கப்பட்ட ஒரு பிள்ளையின் சரியான பெயரை நாட்டின் நாவில் பதிய வைத்துவிட்டுப் போனார். எமக்கு இந்தக் கதையில் மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

அவர் தூரத்திலிருந்து பாடிவிட்டு நிறுத்தவில்லை. அந்த வருடம் செப்டம்பரில், நோயோடு, ஒகோகி போஸ்ட்டுக்கே போய் சானியின் சகோதரிகளைச் சந்தித்தார். பாட்டுகளின் வருமானத்தை மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நிலையத்துக்குக் கொடுத்தார். சானியின் உடல் கிடைத்து சரியாக 50 வருடம் நிறைந்த ஒக்டோபர் 23ஆம் திகதி, அந்தக் கதை சித்திரப் படமாக நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போனது. இரு குடும்பங்களும் சேர்ந்து இருவர் பெயரிலும் ஒரு நிதியம் தொடங்கினார்கள். இன்று கனடாவில் பல பாடசாலைகள் அந்த நிதியத்தின் பாடங்களை வகுப்பில் நடத்துகின்றன. டிசம்பரில் பூர்வகுடித் தலைவர்களின் பேரவை அவரை மேடைக்கு அழைத்து, கழுகு இறகு கொடுத்து, புதுப் பெயரும் சூட்டியது. 'நட்சத்திரங்களுக்கு நடுவே நடப்பவர்' என்பது அதன் கருத்து. 2017 ஒக்டோபர் 17ஆம் திகதி இரவு அவர் இறந்தார். வயது 53. மறுநாள் பிரதமர் கமராவுக்கு முன்னால் அழுதார்.

இதை ஒரு புனிதர் கதையாக முடிக்க நாம் விரும்பவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. சானியைப் பற்றி மிக்மாக் இனப் பாடகர் வில்லி டன் 1970களிலேயே பாடியிருந்தார். சானியின் சகோதரி பேர்ல் பல வருடமாகத் தன் தம்பியின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதெல்லாம் கேட்காத நாடு, பிரபலமான ஒரு வெள்ளைக்காரர் பாடியதும் ஏன் கேட்டது? அதை அந்த மக்களில் பலரே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிரதமரின் கண்ணீரும் அப்படித்தான். பூர்வகுடிக் கிராமங்கள் அனைத்துக்கும் 2021 மார்ச்சுக்குள் சுத்தமான குடிநீர் தருவதாக அவருடைய அரசாங்கம் சொல்லியிருந்தது. அந்தத் திகதி வந்து போனது, வேலை முடியவில்லை. பாட்டு ஒன்றால் குழாயில் தண்ணீர் வராது. ஆனால் கேட்காமல் இருந்த காதுகளைத் திறக்க ஒருவர் தன் பெயரையும் கடைசிப் பலத்தையும் செலவழித்தார் என்பதை மறுக்கவும் முடியாது.

சரி, எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எமது ஊர்களிலும் பிள்ளைகள் வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கிறார்கள். ஹிப்ழுக்குப் போடுகிறோம், கிதாபுக்குப் போடுகிறோம், வெளியூர்ப் பாடசாலை விடுதிகளில் சேர்க்கிறோம். எமது விடுதிகளையும் கனடாவின் அந்தப் பாடசாலைகளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கே பிள்ளையின் மொழியையும் மார்க்கத்தையும் பறிப்பதற்கென்றே கொண்டுபோனார்கள். இங்கே பெற்றோர் நன்மையை நாடித்தான் அனுப்புகிறார்கள், பெரும்பாலான ஹஸ்ரத்மார்களும் ஆசிரியர்களும் அன்போடுதான் பார்க்கிறார்கள். ஆனால் இரவு 10 மணிக்கு விடுதிப் பாயில் படுத்துக்கொண்டு உம்மாவை நினைக்கும் 9 வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அப்படி ஒரு பிள்ளை ஓடி வந்தால் ஊரில் என்ன சொல்கிறோம்? "படிக்கக் கள்ளம்." "செல்லம் கூடிப் போச்சு." "ஷைத்தான் விளையாடுறான்." அன்று மாலையே முச்சக்கர வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம். ஏன் வந்தாய் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பதிலை முழுதாகக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு பிள்ளை ஓடி வருவது சில நேரம் வெறும் வீட்டு நினைவாக இருக்கலாம். சில நேரம் அடியாக இருக்கலாம். சில நேரம் வாயால் சொல்ல முடியாத விஷயமாகவும் இருக்கலாம். எது என்று கேட்டால்தான் தெரியும்.

ஆகவே சில கேள்விகளைப் பெற்றோரிடம் விட்டுச் செல்கிறோம். உங்கள் பிள்ளை தங்கியிருக்கும் இடத்திலிருந்து அவன் உங்களோடு தனியாகப் பேச முடிகிறதா, அல்லது எப்போதும் பக்கத்தில் ஒருவர் நிற்கிறாரா? எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறான்? வந்தால் திரும்பிப் போகும் நாளில் அவன் முகம் எப்படி இருக்கிறது? அங்கே அவன் பயமில்லாமல் முறையிடக்கூடிய ஒருவர் இருக்கிறாரா? இரவில் பிள்ளையைக் காணவில்லை என்றால் முதல் அழைப்பு உங்களுக்கு வருமா? சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் உங்களுக்கும் பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரியுமா?

ஆசிரியர்களான எமக்கு வேலை இன்னும் இலகு. வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வீட்டில் கூப்பிடுகிற மாதிரிச் சரியாகக் கூப்பிடப் பழகுவோம். வரவு இடாப்பில் உள்ள எழுத்துப்பிழைப் பெயரால் கூப்பிட வேண்டாம். கறுப்பன், கட்டையன் என்ற பட்டப்பெயர் ஒருபோதும் வேண்டாம்.

எமது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நீட்டித் தொழுவிக்க நினைத்துத் தொழுகையில் நின்றிருக்கும்போது ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். தொழுகையையே சுருக்கச் செய்த சத்தம் அது. எமது பாடத்திட்டமும் பரீட்சைப் பெறுபேறும் விடுதிச் சட்டமும் அதைவிடப் பெரியவை அல்ல.

தூரத்தில் தங்கிப் படிக்கும் எமது பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்திருப்பானாக. அவர்களுடைய குரலைக் கேட்கும் காதுகளை எமக்குத் தருவானாக. ஆமீன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை தங்கிப் படித்தால் இன்றிரவே ஒரு கோல் எடுத்துப் பேசுங்கள். பாடம் எப்படி, எத்தனை ஜுஸ்உ முடிந்தது என்பதெல்லாம் பிறகு கேட்கலாம். முதலில் "என்ன மகன், எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசும் வரைக்கும் கொஞ்சம் சும்மா இருங்கள்.

வஸ்ஸலாம்.